அத்தியாயம் 6: எண் முதலில், போன் கடைசியில்

ஆம்பூர் பஜாரில் எந்தச் செல்போன் கடைக்குள் போனாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: “எவ்ளோ ரேஞ்சுல பாக்கறீங்க அக்கா?” தொகையைச் சொன்னதும் மேசைமேல் நாலு பெட்டி வந்து உட்காரும். “இது 108 மெகாபிக்சல். இதுல அரை மணி நேரத்துல சார்ஜ் ஏறிடும். இதுக்கு பேக் கவர் ஃப்ரீ.” பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். வீட்டுக்கு வந்த பிறகுதான் சமையலறையில் டவர் கிடைக்கவில்லை என்று தெரியும். இருபத்தெட்டாம் நாள் ரீசார்ஜ் முடிந்ததாகச் செய்தி வரும்போதுதான், போனைவிட அதை ஓட்டும் செலவு பெரிது என்று உறைக்கும்.

கடைக்காரர்மேல் குற்றமில்லை. அவர் போன் விற்பவர், போனைத்தான் காட்டுவார். வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டியது நாம். இந்த அத்தியாயம் சொல்லும் வரிசை: முதலில் எண், அடுத்து சிக்னல், பிறகு ரீசார்ஜ், கடைசியில் போன்.

தோல் வேலை தெரிந்தவர்களுக்கு இதில் புதுமை இல்லை. டேனரியில் அசார்ட்மென்ட் மேசைமுன் நிற்பவர் தோலை விரிப்பார், திருப்பிப் போடுவார், கையால் தடவுவார், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். எங்கே உண்ணிக்கடி, எங்கே கத்திவெட்டு என்று கண்டுபிடித்த பிறகே தரம் போடுவார். பளபளப்பு பினிஷிங்கில் ஏற்றுவது என்பது அவருக்குத் தெரியும். போனையும் அந்தக் கண்ணோடு பார்க்கலாம்.

முதலில் ஒரு கணக்கு

ஒரு வீட்டில் நான்கு பேர், நான்கு எண்கள் என்று வைத்துக்கொள்வோம். 2024 ஜூலை 3 அன்று ஜியோவும் ஏர்டெலும், மறுநாள் வோடஃபோன் ஐடியாவும் கட்டணத்தை உயர்த்தின. அதுவரை 239 ரூபாயாக இருந்த ஜியோவின் தினம் ஒன்றரை ஜிபி, 28 நாள் திட்டம் அன்றுமுதல் 299 ரூபாய் ஆனது. 28 நாளுக்கு ஒரு முறை என்றால் ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை என்று மனம் கணக்குப் போடும். உண்மையில் பதின்மூன்று முறை. 299 ரூபாய் பதின்மூன்று முறை என்றால் 3,887 ரூபாய். நான்கு பேருக்கு 15,548. இரண்டு ஆண்டுக்கு 31,096.

கடையில் பேரம் பேசி வாங்கிய 12,000 ரூபாய் போனில் மிச்சம் பிடித்தது ஐந்நூறு ரூபாய் இருக்கலாம். இருபத்தெட்டு நாளுக்கு ஒரு தடவை யோசிக்காமல் கட்டும் பணம் அதைப் பலமுறை விழுங்கிவிடும். எனவே நேரத்தை அதிகம் செலவிட வேண்டியது ரீசார்ஜில்.

படி 1: எண்ணைக் காப்பாற்றுங்கள்

“நம்பர் போனா போகட்டும், புது சிம் ஃப்ரீயா தர்றாங்க” என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பத்து ஆண்டுக்கு முன்பு அது சரி. இன்றைக்கு உங்கள் பிஎஃப் பணம் அந்த எண்ணில்தான் நிற்கிறது. ஷூ கம்பெனியிலோ டேனரியிலோ வேலை பார்ப்பவர் பிஎஃப் முன்பணம் கேட்டு விண்ணப்பித்தால், ஆதாரோடு இணைந்த எண்ணுக்குத்தான் ஓடிபி போகும். வங்கிக் கணக்கு, யூபிஐ, ரேஷன் அட்டை, 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் வந்துவிட்டதா என்ற செய்தி, எல்லாம் அந்தப் பத்து இலக்கத்தைச் சுற்றியே.

எண் எப்படிப் போகிறது? ரீசார்ஜ் செய்யாமல், பயன்படுத்தாமல் விட்டால் போகிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி, 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாமல் கிடந்தால்தான் பிரீபெய்டு இணைப்பைத் துண்டிக்கலாம். அப்போதும் கணக்கில் 20 ரூபாயோ அதற்கு மேலோ இருப்பு இருந்தால், 20 ரூபாயைக் கழித்துக்கொண்டு இன்னும் 30 நாள் நீட்டிக்க வேண்டும். அதன்பிறகு உங்கள் எண் வேறொருவர் கைக்குப் போகலாம். கைமாறிய எண்களைத் தங்கள் பட்டியலிலிருந்து நீக்கும்படி வங்கிகளுக்கும் யூபிஐ செயலிகளுக்கும் 2025 ஏப்ரலிலிருந்து உத்தரவு இருக்கிறது. பழைய எண்ணில் பணம் வரும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

செய்ய வேண்டியவை மூன்று:

ஒன்று, ஆதார், வங்கி, பிஎஃப் மூன்றிலும் ஒரே எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஆதாரில் எண்ணை மாற்ற வேண்டுமானால் பதிவு மையத்துக்குப் போகலாம். 2025 அக்டோபர் 1 முதல் அதற்குக் கட்டணம் 75 ரூபாய்.

இரண்டு, சிம் உங்கள் பெயரில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். கணவர் பெயரில், மாமா பெயரில், கடைக்காரர் யாரோ ஒருவர் பெயரில் போட்டுக் கொடுத்த சிம் இந்தப் பக்கம் நிறைய. தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் எண்ணையும் ஓடிபியையும் கொடுத்தால், உங்கள் பெயரில் எத்தனை இணைப்பு ஓடுகிறது என்று காட்டும். ஒருவர் பெயரில் ஒன்பது இணைப்புவரை இருக்கலாம். தெரியாத எண் ஒன்று இருந்தால் அங்கேயே ‘இது என்னுடையதல்ல’ என்று புகார் செய்யலாம்.

மூன்று, சிம் கெட்டு மாற்றினால், மாற்றிய 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது, போகாது. திருட்டுத்தனமாக சிம் எடுத்துப் பணம் உருவுவதைத் தடுக்க வந்த ஏற்பாடு அது. அன்றைக்கு பிஎஃப் விண்ணப்பத்தையும் வங்கி வேலையையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

படி 2: சிக்னலைச் சோதியுங்கள்

எந்த நிறுவனம் நல்லது என்ற கேள்விக்கு வேலூருக்கு ஒரு பதில், பேரணாம்பட்டுக்கு ஒரு பதில், மேல்விஷாரத்துக்கு ஒரு பதில். ஒரே ஊரில் தெருவுக்குத் தெரு மாறும். உங்களுக்கு வேண்டியது மூன்று இடத்தின் பதில்: தூங்கும் இடம், வேலை செய்யும் இடம், இரண்டுக்கும் நடுவே போகும் வழி.

சோதிக்கும் முறை எளிது. மூன்று நிறுவன எண் வைத்திருக்கும் மூன்று பேரை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு டீக்குக் கூப்பிடுங்கள். வாசலில் நிற்க வேண்டாம். கதவை மூடி, உள்ளறையில், பாத்திரம் கழுவும் இடத்தில் நின்று பேசிப் பார்க்கச் சொல்லுங்கள். இரவு ஒன்பது மணிக்கு ஒரு தடவை வீடியோ ஓட்டிப் பாருங்கள். ஊரே வீட்டில் உட்கார்ந்து பார்க்கும் நேரம் அது. அப்போது ஓடினால் எப்போதும் ஓடும். டிராய் வெளியிட்ட மைஸ்பீட் செயலியில் வேகத்தை எண்ணாகவே பார்த்துக்கொள்ளலாம்.

வேலை இடம் வேறு மாதிரி. தகடு போட்ட ஷெட்டுக்குள் சிக்னல் ஏறாது. இரும்புத் தகடு அலையைத் திருப்பி அனுப்பிவிடும். கைபேசியைப் பணிக்கூடத்துக்குள் விடாத கம்பெனிகளில் இது பெரிய குறையாகத் தெரியாது. சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனிலும், சாயங்காலம் கம்பெனி பஸ் நிற்கும் இடத்திலும் கிடைத்தால் போதும்.

அலைவரிசையைப் பற்றி ஒரு சிறு விளக்கம். குறைந்த அலைவரிசை தூரம் போகும், சுவரைத் துளைக்கும். அதிக அலைவரிசை வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். 5ஜி சேவை இந்தியாவில் 2022 அக்டோபர் 1 அன்று தொடங்கியது. ஜியோ அதற்கு 700 மெகாஹெர்ட்ஸும் 3500 மெகாஹெர்ட்ஸும் பயன்படுத்துகிறது. ஏர்டெல் பெரும்பாலும் 3500-ஐ நம்பியிருக்கிறது. வாசலில் 5ஜி என்று காட்டிய போன் உள்ளறையில் 4ஜிக்கு இறங்குவது இதனால்தான். போனில் பழுது என்று சர்வீஸ் சென்டருக்கு ஓட வேண்டாம்.

பிஎஸ்என்எல்லுக்கு வருவோம். 2024 ஜூலை உயர்வுக்குப் பிறகு பலர் அந்தப் பக்கம் திரும்பினார்கள். உள்நாட்டிலேயே உருவாக்கிய 4ஜி தொழில்நுட்பத்தில் 97,500 டவர்களைப் பிரதமர் 2025 செப்டம்பர் 27 அன்று ஒடிசாவின் ஜார்சுகுடாவில் தொடங்கிவைத்தார். கட்டணம் மற்றவற்றைவிடக் குறைவு. ஆனால் விலையைப் பார்த்து மட்டும் போகாதீர்கள். முதலில் மேலே சொன்ன மூன்று இடத்துச் சோதனை. அடுத்து, உங்கள் பழைய போன் 700 மெகாஹெர்ட்ஸ் 4ஜியை எடுக்குமா என்ற சோதனை. எடுக்காத போனில் டவர் பக்கத்தில் இருந்தும் சிக்னல் சரியாகக் கிடைக்காமல் போகலாம்.

மலை ஓர ஊர்க்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஜவ்வாது மலையிலும் ஏலகிரி அடிவாரத்திலும் ஒரு வளைவு திரும்பினால் டவர் மறைந்துவிடும். அங்கே ஊர்க்காரர் சொல் ஒன்றே சான்று. பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் சில இடங்களில் போன் ஆந்திர டவரைப் பிடித்துக்கொள்ளும். இப்போதைய அன்லிமிடெட் திட்டங்களில் உள்நாட்டு ரோமிங்குக்குத் தனிக் கட்டணம் இல்லை, பயப்பட வேண்டாம்.

வீட்டில் ஃபைபர் இணைப்பு இருந்தால் கவலை பாதி குறையும். போனில் வைஃபை காலிங் வசதியை இயக்கிவிட்டால், டவரே கிடைக்காத உள்ளறையிலும் அதே எண்ணில் பேசலாம்.

படி 3: ரீசார்ஜை நாள் கணக்கில் பாருங்கள்

திட்டத்தின் விலையைப் பார்க்காதீர்கள். விலையை நாளால் வகுத்துப் பாருங்கள். ஜியோ 2024 ஜூலையில் அறிவித்த இரண்டு திட்டங்கள் இதோ: தினம் 2 ஜிபி, 28 நாள், 349 ரூபாய். தினம் 2 ஜிபி, 84 நாள், 859 ரூபாய். முதலாவது நாளுக்கு 12 ரூபாய் 46 காசு. இரண்டாவது 10 ரூபாய் 23 காசு. அதே டேட்டா, அதே டவர். 84 நாளுக்கு மூன்று முறை 349 கட்டினால் 1,047 ரூபாய். ஒரே முறையில் கட்டுபவருக்கு 188 ரூபாய் மிச்சம்.

அப்படியானால் எல்லோரும் ஏன் 28 நாளுக்கே போடுகிறார்கள்? மொத்தமாகக் கட்டக் கையில் பணம் இருப்பதில்லை. சனிக்கிழமை கூலி வாங்கும் வீட்டில் 859 ரூபாயை ஒரே நாளில் எடுப்பது கஷ்டம். இதற்கு ஒரு வழி: வாரம் 75 ரூபாய் தனி டப்பாவில் போடுங்கள். பன்னிரண்டு வாரம் என்பது சரியாக 84 நாள். 900 ரூபாய் சேர்ந்திருக்கும். போனஸ் வரும் தீபாவளி சமயத்தில் ஓர் ஆண்டுத் திட்டத்தைப் போட்டுவிடுவது அதைவிட நல்லது.

28 நாள் கணக்கு பிடிக்காதவர்களுக்கு இன்னொரு செய்தி. ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் திட்டம் ஒன்றும், மாதாமாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றும் கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்று டிராய் 2022 ஜனவரியில் உத்தரவிட்டது. விளம்பரத்தில் வராது. கேட்டால் சொல்வார்கள்.

அதைவிடப் பெரிய உத்தரவு 2024 டிசம்பரில் வந்தது. டேட்டா வேண்டாதவருக்குப் பேச்சும் எஸ்எம்எஸும் மட்டும் உள்ள திட்டம் தர வேண்டும், சிறப்பு ரீசார்ஜின் காலம் 365 நாள்வரை போகலாம் என்றது அது. 2025 ஜனவரியில் நிறுவனங்கள் அத்தகைய திட்டங்களைக் கொண்டுவந்தன. ஏர்டெலில் 84 நாளுக்கு 469 ரூபாய், ஓர் ஆண்டுக்கு 1,849 ரூபாய் என்று அப்போது விலை வைத்தார்கள். நாளுக்கு ஏறத்தாழ ஐந்து ரூபாய். பட்டன் போன் வைத்திருக்கும் பாட்டிக்கு, பிஎஃப் எண்ணை உயிரோடு வைக்க நினைப்பவருக்கு, இரண்டாவது சிம்முக்கு இதுவே பொருத்தம். கடைப்பையன் தானாக இதை எடுத்துக் காட்ட மாட்டான். “டேட்டா இல்லாம வாய்ஸ் மட்டும் போடுப்பா” என்று நீங்கள் சொல்ல வேண்டும்.

இனி ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அப்பா டேனரியில் ஷிப்ட். போன் பெரும்பாலும் பேசவும் யூபிஐக்கும். அம்மா வீட்டில் உட்கார்ந்து ஷூ அப்பர் கைத்தையல் போடுகிறார். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. வேலை கொண்டுவரும் ஏஜென்ட் “நாளைக்கு மால் வருது அக்கா” என்று வாட்ஸ்அப்பில்தான் சொல்கிறார். மகள் கல்லூரியில். பாட்டிக்குப் பேச்சு மட்டும்.

நால்வருக்கும் 299 போட்டால் ஆண்டுக்கு 15,548 என்று பார்த்தோம். பிரித்துப் போட்டுப் பார்ப்போம். பாட்டிக்கு வாய்ஸ் மட்டும் உள்ள ஆண்டுத் திட்டம், 1,849. அப்பாவுக்கு 28 நாளைக்கு மொத்தம் 2 ஜிபி தரும் 189 ரூபாய்த் திட்டம், பதின்மூன்று முறைக்கு 2,457. அம்மாவுக்கு அதே 299, ஆண்டுக்கு 3,887. மகளுக்கு 84 நாள் 859, ஆண்டுக் கணக்கில் சுமார் 3,733. மொத்தம் 11,926. மிச்சம் 3,622 ரூபாய். மகளுக்கு முன்பைவிட அதிக டேட்டா. 2024 ஜூலைக்குப் பிறகு ஜியோவும் ஏர்டெலும் தினம் 2 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள திட்டங்களுக்கே அளவில்லா 5ஜி கொடுத்தன. அப்படிப்பட்ட திட்டம் மகளிடம் இருந்து, வீட்டுக்குள் 5ஜியும் வந்தால், சாயங்காலம் அவள் ஹாட்ஸ்பாட்டிலேயே அம்மா சீரியல் பார்த்துவிடலாம். அப்போது அம்மாவின் திட்டத்தையும் குறைக்கலாம்.

இந்த விலைகள் மாறும். நீங்கள் படிக்கும் நாளில் மாறியிருக்கவும் கூடும். வகுத்துப் பார்க்கும் முறை மாறாது.

டேட்டா எவ்வளவு வேண்டும்? ஊகிக்காதீர்கள். போனின் செட்டிங்ஸில் ‘டேட்டா யூசேஜ்’ என்ற இடத்தில் போன மாதம் எவ்வளவு ஓடியது என்று இருக்கிறது. தினம் ஒன்றரை ஜிபி என்றால் 28 நாளுக்கு 42 ஜிபி. அதில் இருபதைக்கூடத் தொடாதவர் பலர். மிஞ்சியது மறுநாளுக்கு வராது. நள்ளிரவோடு போய்விடும்.

படி 4: எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றுங்கள்

சோதனையில் வேறு நிறுவனம் தேறினால் மாறிவிடுங்கள். எண்ணை வைத்துக்கொண்டே மாறும் வசதி இந்தியா முழுக்க 2011 ஜனவரி 20 முதல் இருக்கிறது. 2015 ஜூலை முதல் மாநிலம் விட்டு மாநிலமும் மாற்றலாம். பீகார், ஒடிசா, ஜார்கண்டிலிருந்து ஆம்பூருக்கும் ராணிப்பேட்டைக்கும் வேலைக்கு வந்திருப்பவர்களுக்கும், வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் மாதக்கணக்கில் தங்கிச் சிகிச்சை பெறும் குடும்பங்களுக்கும் இதைச் சொல்லுங்கள். ஊர் எண்ணைத் தூக்கியெறிய வேண்டியதில்லை.

முறை: ‘போர்ட்’ என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, உங்கள் பத்து இலக்க எண்ணை எழுதி 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். எட்டு எழுத்துள்ள ஒரு குறியீடு வரும். தமிழ்நாட்டில் அது நான்கு நாள் செல்லும். அந்தக் குறியீட்டோடும் ஆதாரோடும் புது நிறுவனத்தின் கடைக்குப் போனால் சிம் தருவார்கள். மூன்று வேலைநாளில் மாறிவிடும். வேறு மாநில எண்ணானால் ஐந்து வேலைநாள். எஸ்எம்எஸ் வசதி இல்லாத ரீசார்ஜ் வைத்திருப்பவரும் இந்தச் செய்தியை அனுப்ப முடிய வேண்டும் என்று டிராய் 2021 டிசம்பரில் கட்டளையிட்டிருக்கிறது.

கவனிக்க: இப்போதைய நிறுவனத்தில் சேர்ந்து 90 நாள் ஆகியிருக்க வேண்டும். சிம் மாற்றிய ஏழு நாளுக்குள் முடியாது. பழைய ரீசார்ஜில் மிஞ்சிய நாள்கள் கூட வராது, எனவே கடைசி வாரத்தில் தொடங்குங்கள். பழைய சிம் வேலை செய்யும்வரை அதைக் கழற்றாதீர்கள்.

படி 5: இப்போது போன்

எண் பத்திரம், நிறுவனம் முடிவு, மாதச் செலவு தெரியும். இனிக் கடைக்குப் போகலாம். இந்தப் பகுதியின் வேலைக்கும் வெயிலுக்கும் ஏற்றபடி பார்க்க வேண்டியவற்றை முக்கியத்துவ வரிசையில் தருகிறேன்.

சார்ஜ் துளை. என்னுடைய பழைய போன் ஒன்று கேமராவுக்காக வாங்கியது. ஓராண்டில் சார்ஜ் ஏறுவது நின்றது. பழுது பார்ப்பவர் ஊசியால் துளையைச் சுரண்டி, வெளியே வந்ததை ஒரு வெள்ளைக் காகிதத்தில் தட்டிக் காட்டினார்: பச்சை பூத்த துருத் துகள், கூடவே பஃபிங் தூசு. “உப்புக் கையோட சார்ஜ் போட்டீங்களா அண்ணே?” என்றார். பச்சைத்தோல் மண்டிக்கு அடிக்கடி போய்வந்த காலம் அது. உப்பும் வியர்வையும் சேர்ந்தால் அந்தச் சின்னச் செம்புக் காலை அரித்துவிடும். டேனரியில், தோல் மண்டியில் வேலை செய்பவர் துளைக்கு ஒரு ரப்பர் மூடி வாங்கிப் போடுங்கள். பத்து, இருபது ரூபாய்க்குக் கிடைக்கும். கையைக் கழுவித் துடைத்துவிட்டுச் சார்ஜ் போடுங்கள்.

நீர் காப்பு. பெட்டியில் ‘ஐபி’ என்று ஓர் எண் இருக்கும். 54 என்றால் ஓரளவு தூசும் தெறிக்கும் தண்ணீரும் தாங்கும். 67 என்றால் தூசு புகாது, ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும். ஆனால் அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் நடந்தது. சுண்ணாம்புத் தொட்டித் தண்ணீருக்கோ உப்புத் தண்ணீருக்கோ அது உறுதி தராது. தண்ணீர் புகுந்த பழுதுக்குப் பொதுவாக வாரண்டியும் கிடையாது. ஷூ கம்பெனியில் பசைக் கறை போக்கும் தின்னரால் திரையைத் துடைப்பவர்கள் இருக்கிறார்கள். திரையின் மேல்பூச்சு போய்விடும். லேசாக நனைத்த மெல்லிய துணி போதும்.

பேட்டரி. 5,000 எம்ஏஎச் இப்போது சாதாரணம். அதற்குக் குறைந்தால் வேண்டாம். வேலூர் வெயில் பேட்டரிக்கு எதிரி. 40 டிகிரியைத் தாண்டும் சித்திரை, வைகாசியில் வண்டி சீட்டுக்கு அடியிலும், தகர ஷெட்டில் ஜன்னல் ஓரத்திலும் போனை வைக்காதீர்கள். சூடாக இருக்கும்போது சார்ஜ் போடாதீர்கள்.

சேமிப்பிடம். 128 ஜிபிக்குக் கீழே வேண்டாம். மூன்று குடும்ப வாட்ஸ்அப் குழு, ஒரு ஜமாத் குழு, ஒரு பள்ளிக்கூடக் குழு இருந்தால் 64 ஜிபி சீக்கிரமே திணறும். ரேம் 6 ஜிபி நல்லது. ‘4 கூட்டல் 4 ரேம்’ என்று எழுதியிருந்தால் உண்மையான ரேம் நான்குதான். மற்ற நான்கு சேமிப்பிடத்திலிருந்து கடன் வாங்கியது.

அப்டேட் ஆண்டுகள். யாரும் கேட்காத, கேட்க வேண்டிய கேள்வி இது. “எத்தனை வருஷம் செக்யூரிட்டி அப்டேட் வரும் பாய்?” என்று கேளுங்கள். அப்டேட் நின்ற போனில் வங்கிச் செயலி வைத்திருப்பது தாழ்ப்பாள் இல்லாத வீடு. 2024-இல் வந்த கேலக்ஸி ஏ16 5ஜிக்கு சாம்சங் ஆறு ஆண்டு அறிவித்தது. அதே விலைப் பக்கத்தில் அதைவிடக் குறைந்த ஆண்டுகள் மட்டும் தரும் போன்களும் உண்டு. விலையை அப்டேட் வரும் ஆண்டுகளால் வகுத்துப் பாருங்கள். எது மலிவு என்று தெரியும்.

அலைவரிசை. 5ஜி போன் என்றால் என்-28, என்-78 இரண்டும் இருக்கிறதா என்று நிறுவனத்தின் இணையதளத்தில் பாருங்கள். ஜியோவின் 700 மெகாஹெர்ட்ஸுக்குப் பெயர் என்-28.

விரல் ரேகையும் முகமும். சுண்ணாம்பிலும் தோலிலும் ஆண்டுக்கணக்கில் புழங்கிய கையில் ரேகை தேய்ந்திருக்கும். கடையிலேயே உங்கள் விரலை வைத்துப் பாருங்கள், கடைப்பையன் விரலை அல்ல. பதியவில்லை என்றால் ரகசிய எண்ணே போதும். முன்பக்கக் கேமரா சுமாராகவாவது இருக்கட்டும். செல்ஃபிக்காகச் சொல்லவில்லை. புதிதாகச் சேருபவர் பிஎஃப் யுஏஎன் எண்ணை உமங் செயலியில் முகத்தைக் காட்டி உருவாக்கும் முறை 2025 ஆகஸ்ட் 1 முதல் வந்திருக்கிறது. ஓய்வூதியர் வாழ்நாள் சான்றையும் முகம் காட்டிக் கொடுக்கலாம். ரேகை தேய்ந்தவர்களுக்கு அந்தக் கேமராதான் கைநாட்டு.

பின் கேமராவின் மெகாபிக்சல் இந்தப் பட்டியலில் இல்லை. மறந்து விட்டுப்போனதல்ல.

படி 6: கடையை விட்டு வெளியே வருமுன்

பெட்டியைப் பிரித்ததும் *#06# அழுத்துங்கள். திரையில் 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். பெட்டியிலும் பில்லிலும் அதே எண் இருக்க வேண்டும். பில் வேண்டாம் என்றால் குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் வாங்காதீர்கள். போனுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். பில் இல்லாமல் வாரண்டியும் இல்லை, புகாரும் இல்லை.

பழைய போன் வாங்குபவர் பணம் கொடுக்குமுன் ‘கேஒய்எம்’ என்று மூன்று ஆங்கில எழுத்தை அடித்து, இடைவெளி விட்டு ஐஎம்இஐ எண்ணை எழுதி 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். திருட்டுப் போன் என்று தடை செய்யப்பட்டிருந்தாலும், வேறு போனின் எண்ணைத் திருடி ஒட்டியிருந்தாலும் பதிலில் தெரியும்.

தவணையில் வாங்குபவர் ஒரு கேள்வி கேட்டால் போதும்: “முழுப் பணமும் இப்பவே கொடுத்தா எவ்ளோ?” வட்டியில்லாத் தவணை என்பார்கள். செயலாக்கக் கட்டணம், காப்பீடு, ரொக்கத் தள்ளுபடி இழப்பு மூன்றையும் கூட்டினால் வட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியும். வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறது. தவணை தவறினால் போனையே பூட்டிவிடும் செயலி ஏற்றியிருக்கிறார்களா என்றும் கேளுங்கள்.

பல பெட்டிகளில் இப்போது சார்ஜர் இருப்பதில்லை. பஸ் ஸ்டாண்டில் தொங்கும் சார்ஜரைத் தவிருங்கள். இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் பதிவு முத்திரை உள்ளதையே வாங்குங்கள். பிஐஎஸ் கேர் செயலியில் அந்தப் பதிவு எண்ணைப் போட்டு உண்மையா என்று பார்க்கலாம்.

சிக்கல் வந்தால்

நெட்வொர்க் புகாருக்கு முதலில் உங்கள் நிறுவனத்தின் 198. புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சரியாகவில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்குப் போகலாம், கட்டணம் இல்லை. போனிலோ கடையிலோ குறை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தொல்லை அழைப்புக்கு 1909. பணம் போய்விட்டதென்றால் வேறு எதற்கும் காத்திராமல் உடனே 1930. போன் தொலைந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அந்த நகலோடு சஞ்சார் சாத்தியில் ஐஎம்இஐயைத் தடைசெய்யுங்கள். அதற்கு அந்த 15 இலக்கம் கையில் இருக்க வேண்டும்.

அதனால் கடைசியாக ஒரு வேலை. புதுப் போன் வீட்டுக்கு வந்த அன்றைக்கே ஓர் அட்டையில் எழுதுங்கள்: ஐஎம்இஐ எண், சிம் யார் பெயரில், ஆதாரில் எந்த எண், ரீசார்ஜ் முடியும் தேதி. வீட்டில் நான்கு எண் என்றால் நான்கு வரி. பில்லோடு சேர்த்து ரேஷன் அட்டை இருக்கும் டப்பாவில் வையுங்கள். போனிலேயே படம் எடுத்து வைத்துக்கொள்கிறேன் என்று உங்கள் மகள் சொல்வாள். போன் தொலைந்த அன்றைக்கு அந்தப் படமும் அதோடு போயிருக்கும்.